சொக்ஸையும் அயன் பண்ணுகிறவர்

"கென்யாவுக்குப் போகிற தமிழர் ஆர்?" என்று சிவமலர் கேட்டாள்.

குசினி மேசையில் அவளுக்கு முன்னால் நான்கு பக்க ஆங்கிலத் துண்டுப்பிரசுரம் ஒன்று கிடந்தது. கென்யாவுக்குப் பயணம் செய்கிறவர்களுக்கான சுகாதார ஆலோசனை. கவுன்சில்காரர் தமிழில் எழுதித் தரச்சொல்லி அனுப்பியிருந்தார்கள். வீட்டு வாடகை உதவி, குப்பை எடுக்கும் நாட்கள், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி என்று இந்த வருடம் அவள் எழுதிக் கொடுத்த பிரசுரங்கள் பல. அவற்றை வாசிக்கப்போகிறவர்களின் முகங்கள் அவளுக்குத் தெரியும். இதை வாசிக்கப்போகிற முகம் மட்டும் தெரியவில்லை.

அத்தான் யோகராஜா பாணுக்கு மாஜரின் பூசிக்கொண்டிருந்தார். "ஒருத்தரும் போகாயினம். எங்கடை சனம் போறதெண்டால் கனடாவுக்குப் போகும். இல்லாட்டி விம்பிள்டன் கோயிலுக்குப் போகும்."

"அப்ப ஏன் தமிழிலை கேக்கினம்?"

"குஜராத்தியிலை அடிச்சவங்கள், உருதுவிலை அடிச்சவங்கள். தமிழை விட்டால் நாங்கள் கோவிப்பம் எண்டு பயம்."

"ஒருத்தரும் வாசிக்காட்டி உனக்கென்னடி? நீ எழுது," என்றாள் அக்கா பாலாம்பிகை.

சிவமலர் எழுதினாள். வாசிக்க ஆளில்லாத பிரசுரம் என்பதாலோ என்னவோ, அதில் அவளுக்கு ஒரு ருசி பிடித்துவிட்டது. கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் நவம்பர் மழை யன்னலில் வழிந்துகொண்டிருக்க, அவள் பேனை கென்யாவில் நடந்தது. ஐஸ்கட்டி போட்ட பானம் வேண்டாம். தோல் உரிக்க முடியாத பழம் வேண்டாம். குரங்கைத் தடவ வேண்டாம். ஏரித் தண்ணீரில் கால் நனைக்க வேண்டாம். நத்தையிலிருந்து வருகிற கண்ணுக்குத் தெரியாத புழு ஒன்று தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். ஒவ்வொரு 'வேண்டாமு'க்குப் பின்னாலும் யாரோ ஒருவர் அதைச் செய்துவிட்டுப் படுக்கையில் கிடந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஏரியில் முதலில் கால் நனைத்தவர் யார்? அந்த ஏரி என்ன நிறம்?

மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி அவளை நிறுத்தியது. வெளியே காயப்போட்ட உடுப்புகள் அனைத்தையும், உள்ளாடைகளையும் காலுறைகளையும்கூட, இரண்டு பக்கமும் அயன் பண்ணிய பிறகே அணியவும்.

ஏன் என்று அதில் இல்லை. வெயில் நாட்டில் சொக்ஸை அயன் பண்ணுவதற்கும் சுகாதாரத்துக்கும் என்ன சம்பந்தம்?

அடுத்த நாள் ஹை ரோட்டு மரக்கறிக் கடையில் கேட்டாள். கடைக்காரி சாந்தாபென் மொம்பாசாவில் பிறந்து வளர்ந்த குஜராத்திக்காரி. கேள்வியைக் கேட்டதும் கத்தரிக்காயை நிறுப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். மாங்காய் ஈ என்று ஒன்று இருக்கிறதாம். ஈரத் துணியில் முட்டையிடுமாம். அந்தத் துணியைப் போட்டால் புழு தோலுக்குள் இறங்கி, கொப்புளமாக வீங்கி, ஒரு நாள் தலையை வெளியே நீட்டுமாம். "எங்கள் வீட்டில் கைக்குட்டைகூட அயன் பண்ணாமல் தொடமாட்டோம்," என்றாள் ஆங்கிலத்தில். "இங்கே வந்து இருபது வருடம். இன்னும் கை சும்மா இருக்காது."

சிவமலர் வீடு வரும்வரை அந்த ஈயைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தாள். குசினிக்குள் நுழைந்தால், அங்கே குகதாசன் அயன் பண்ணிக்கொண்டு நின்றார்.

குகதாசன் மேல்மாடிச் சின்ன அறையில் வாடகைக்கு இருப்பவர். வயது முப்பத்தொன்று. இல்போர்ட் பக்கம் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. அதிகம் பேசமாட்டார். இரண்டு கிழமை லீவு எடுத்து, சுவிஸில் சிநேகிதன் ஒருவனின் கலியாணம் என்று போய், வந்து ஒன்பது நாள் ஆகிறது. வரும்போது விமான நிலையத்துச் சொக்கிலேற் ஒரு பெட்டி கொண்டுவந்தார். கலியாணப் படம் ஒன்றும் கொண்டுவரவில்லை.

"சுவிஸ் பனியிலை கறுத்து வந்த முதல் ஆள் நீர்தான் ஐசே," என்று யோகராஜா அன்றைக்கே பகிடி பண்ணினார். குகதாசன் சிரித்துவிட்டு மேலே போய்விட்டார்.

இப்போது அவர் அயன் பண்ணிக்கொண்டிருந்தது பனியன். திருப்பிப்போட்டு மற்றப் பக்கமும் தேய்த்தார். பக்கத்தில் சொக்ஸ் ஒரு சோடி தட்டையாக, தபாலில் அனுப்பலாம் போலக் கிடந்தது.

"அண்ணை, சுவிஸிலை சொக்ஸும் அயன் பண்ணுறவையோ?"

"பழகிப்போச்சு தங்கச்சி," என்றார் அவர், முகத்தைத் தூக்காமல்.

சிவமலர் அடுத்த கேள்விக்கு வாய் திறந்தாள். அதற்குள் அக்கா கூப்பிட்டாள். போய்விட்டாள்.

மூன்று நாள் கழித்துக் குகதாசனுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் பல் கிடுகிடுக்க நடுங்கினார். இருந்த போர்வையெல்லாம் போர்த்தியும் போதவில்லை. பிறகு எல்லாவற்றையும் உதறி எறிந்துவிட்டு வியர்வையில் குளித்தார். பிறகு சுகமானவர் போல எழும்பி வந்து தேத்தண்ணி கேட்டார். மறுபடி நடுக்கம்.

"லண்டன் குளிர்க் காய்ச்சல். ஊரெல்லாம் ஃபுளூ. என்ரை ஷிப்டிலை நாலு பேர் லீவு," என்றார் யோகராஜா. அக்கா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். இரண்டு பனடோல், ஒரு கம்பளித் தொப்பி. மூன்றாம் நாள் காலை குகதாசன் படியில் இறங்கும்போது கைப்பிடியை விட்டுவிட்டு அப்படியே இருந்துவிட்டார். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

"மலர், நீ டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போ," என்றாள் அக்கா. "அவருக்கு இங்கிலீசிலை பெற்றோலும் சிகரெட்டும்தான் தெரியும். வருத்தம் சொல்லத் தெரியாது."

சிவமலர் போனாள். பையில் பிரசுரத்தின் பிரதியையும் வைத்துக்கொண்டாள். கவுன்சிலுக்காகத் தமிழ்ப் பிரசுரங்களைச் சரிபார்க்கிற ரங்கராஜன் வெம்பிளியிலிருந்து சிவப்பு மையில் திருத்தி அனுப்பியிருந்தார். காத்திருக்கும் நேரத்தில் பார்க்கலாம்.

டொக்டரின் காத்திருப்பு அறை இருமிக்கொண்டிருந்தது. அவள் பிரதியை மடியில் விரித்தாள். அயன் பண்ணும் வரிக்குப் பக்கத்தில் ரங்கராஜன் எழுதியிருந்தார்: 'ஏன் என்ற காரணம் தேவை. படிப்பவர் சிரிப்பார்.' அவள் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். பக்கத்துக் கதிரையில் குகதாசன் நெற்றியைத் துடைப்பதற்காகக் கால்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். அது நான்காக மடிந்து, ஓரம் கத்தி போல நின்றது.

கறுத்து வந்த முகம். படமில்லாத கலியாணம். சொக்ஸ். சாந்தாபென் சொன்ன கைக்குட்டை.

வாசிக்கிற முகம் எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணை," என்றாள் மெல்ல. "சுவிஸிலை மாங்காய் ஈ இருக்கோ?"

கைக்குட்டை நெற்றியிலேயே நின்றது.

"ஆர் உமக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. இதிலை கிடக்கு." அவள் மடியைக் காட்டினாள்.

குகதாசன் சுற்றிலும் பார்த்தார். எதிரில் ஒரு கிழவர் நித்திரை. பிறகு, காய்ச்சல்காரரின் அவசரத்தோடு, காதுக்கு மட்டும் கேட்கச் சொன்னார். மொம்பாசா. கலியாணம் பேசிவைத்த பெட்டை கலாவதி கனடாவுக்கு என்று புறப்பட்டு, ஏஜென்ட் கைவிட்டு, எட்டு மாதமாக அங்கே ஒரு வீட்டில் நாலு குடும்பத்தோடு இருக்கிறாள். அவர் போய் அங்குள்ள கோயிலில் தாலி கட்டினார். ஐயர் குஜராத்திக்காரர். பதினொரு நாள் இருந்தார். திரும்பி வந்தார்.

"குளிசை எடுத்தனீங்களோ? நுளம்புக்கு?"

"எனக்கேன் குளிசை? நான் வன்னிக் காட்டுக் கனகராயன்குளத்தான். பத்து வயசிலை மலேரியா வந்து மாறினது. ஒருக்கா வந்தவனுக்குத் திரும்ப வராது."

"அது ஊரிலை இருந்தால், அண்ணை. லண்டனுக்கு வந்து ஆறு வருசத்திலை அந்தப் பலமெல்லாம் போயிடும். இதுதான் மலேரியா எண்டு நினைக்கிறன். உள்ளை போய்ச் சொல்லவேணும்."

"ஐயோ, சொல்லிப்போடாதையும்!" அவர் அவள் கையைப் பிடித்தார். கை அடுப்புப் போலச் சுட்டது. "தை மாதம் விசா நீட்டிக்கக் குடுக்கவேணும். கென்யா எண்டு தெரிஞ்சால் ஏன் போனனீ, ஆரிட்டைப் போனனீ எண்டு கேப்பாங்கள். கலாவதியின்ரை பேரும் அவங்களிட்டைப் போகும். பிறகு அவள் இஞ்சை வரேலாது. பயணப் புத்தகத்திலை கென்யா முத்திரை கிடக்கு. அது துலைஞ்சுபோச்சு எண்டு சொல்லச்சொல்லி இஞ்சை ஒரு ஏஜென்ட் சொன்னவன். அதை நான் சமாளிப்பன். டொக்டர் எழுதினால் சமாளிக்கேலாது. டொக்டர் எழுதிறது குரோய்டனுக்குப் போகும்."

"ஆர் சொன்னது போகுமெண்டு?"

"எல்லாருக்கும் தெரியும்."

பெயர் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட விதத்தில் அது அவருடைய பெயர் என்று விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

டொக்டர் பென்னட் நரைத்த தலைமுடியும் நீலக் கம்பளிச் சட்டையுமாக ஒரு பெரிய மனுஷி. அவர் முன்னால் மேசையில் குகதாசனின் பெயர் எழுதிய ஒரு சின்ன மண்ணிற உறை இருந்தது. நோயாளிக்கு இதுவரை வந்த வருத்தங்களை எழுதிய தாள்கள் அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. குகதாசன் அந்த உறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சிவமலருக்கு அப்போதுதான் விளங்கியது. அவர்கள் வீட்டுக் கதவுத் துவாரத்தால் விழுந்து எல்லோரையும் பயமுறுத்துகிற கடிதங்களும் அதே நிறம். வேலை இல்லாதவருக்கான பணம் நிற்பதும், நேர்முகத்துக்கு வா என்பதும், உன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்பதும் மண்ணிற உறையில்தான் வரும். அவர்களுடைய உலகத்தில் மண்ணிற உறை எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்து ஒரே இடத்துக்குத்தான் போகும்.

டொக்டர் காய்ச்சல் எத்தனை நாள் என்று கேட்டார். நடுக்கம் எப்படி என்று கேட்டார். சிவமலர் இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னாள். பிறகு டொக்டர் சாதாரணமாக, பேனையைத் திறந்துகொண்டே கேட்டார்: அண்மையில் வெளிநாடு எங்கேயாவது போனாரா?

சிவமலர் தமிழில் கேட்டாள்.

"இல்லையெண்டு சொல்லும்," என்றார் குகதாசன்.

கவுன்சில் நகரமண்டபத்தில் ஒரு சனிக்கிழமை முழுவதும் அவளுக்கு மொழிபெயர்ப்பாளர் பயிற்சி கொடுத்திருந்தார்கள். நீ ஒரு தண்ணிக் குழாய் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு பக்கத்தால் வருவதுதான் மற்றப் பக்கத்தால் போகவேண்டும். குழாய் தன்பாட்டில் ஒன்றும் சேர்க்கக் கூடாது, ஒன்றும் மறைக்கக் கூடாது. அன்றைக்கு அது அவளுக்கு மிக நேர்மையான தொழிலாகத் தெரிந்தது. இப்போது குழாயின் ஒரு பக்கத்தில் ஒரு மனிதர் செத்துக்கொண்டிருக்கலாம்.

பிரசுரத்தின் கடைசி வரி நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவரிடம் போய், எங்கே போயிருந்தீர்கள் என்று சொல்லுங்கள். ஒரு நாள் பிந்தினாலும் உயிருக்கு ஆபத்து. முழுப் பிரசுரத்திலும் அவளுக்கு மிக இலகுவாக வந்த வரி அதுதான். யோசிக்காமல் எழுதினாள். ஆங்கிலத்தில் அதை எழுதியவரும் யோசித்திருக்கமாட்டார். எங்கே போனாய் என்ற கேள்விக்கு உண்மை சொல்லிப் பழகியவர் அவர்.

"இல்லை என்கிறார்," என்றாள் டொக்டரிடம்.

டொக்டர் தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினார்.

"டொக்டர்," என்றாள் சிவமலர். "இது அவர் கேட்பதல்ல. நான் கேட்பது. எனக்கு ஒன்று தெரியவேண்டும்."

பேனை நின்றது.

"இந்த அறையில் சொல்வது எங்கே போகும்?"

"எங்கே போகும் என்றால்?"

"நீங்கள் எழுதுகிறீர்களே. அது குரோய்டனுக்குப் போகுமா?"

"குரோய்டனுக்கா?" டொக்டர் பென்னட்டின் புருவம் உயர்ந்தது. "ஏன் குரோய்டனுக்கு? என் தங்கை அங்கே இருக்கிறாள். அவளுக்குக்கூட நான் எழுதுவதில்லை."

"அங்கேதான் விசா அலுவலகம் இருக்கிறது."

டொக்டர் அவளைப் பார்த்தார். பிறகு குகதாசனைப் பார்த்தார். அவருடைய மஞ்சள் கண் எதைப் பார்க்கிறது என்பதையும் பார்த்தார். பேனையை மூடி வைத்தார். உறையை எடுத்து, அதற்குள் இருந்த தாள்களை வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார். குதிக்கால் நோவு. ஒரு ரெற்றனஸ் ஊசி. காது அடைப்பு. அவ்வளவுதான்.

"இது வரவேற்பாளருக்குப் பின்னால் இருக்கிற இரும்பு அலுமாரியில் இருக்கும். இவர் வீடு மாறி வேறு டொக்டரிடம் போனால் அந்த டொக்டரிடம் போகும். இவர் சம்மதிக்காமல் விசா அலுவலகத்துக்குப் போகாது. இவருடைய மனைவி கேட்டால்கூட நான் காட்டமாட்டேன். இதை அவருக்குச் சொல்லுங்கள். ஒரு சொல்லும் விடாமல் சொல்லுங்கள்."

சிவமலர் ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள். இரும்பு அலுமாரியைச் சொன்னாள். டொக்டரின் தங்கையையும் சொன்னாள்.

"மனிசி கேட்டாலும் காட்டமாட்டாவோ?" என்றார் குகதாசன்.

"காட்டமாட்டாவாம்."

அவர் மேசையில் பரவியிருந்த தாள்களைப் பார்த்தார். குதிக்கால் நோவு என்று எழுதியிருந்த தாளை ஒரு விரலால் தொட்டார். நடுக்கம் மறுபடி தொடங்கியிருந்தது. விரலோடு சேர்ந்து தாளும் நடுங்கியது.

"மொம்பாசா," என்றார், டொக்டரைப் பார்த்து.

அதற்குக் குழாய் தேவைப்படவில்லை. டொக்டர் பென்னட் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும்பித் தொலைபேசியை எடுத்துவிட்டார்.

அம்புலன்ஸ் வந்தது. பெரியாஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்து, மலேரியா, அதிலும் பொல்லாத வகை என்றார்கள். கையில் ஊசி குத்திக் குயினைன் ஏற்றினார்கள். இன்னும் இரண்டு நாள் கொத்தமல்லி குடித்துக்கொண்டிருந்தால் மூளைக்குப் போயிருக்கும் என்று ஓர் இளம் டொக்டர் சொன்னபோது, அக்கா பாலாம்பிகை வெளியே தாழ்வாரத்துக்குப் போய்விட்டாள். அன்று பின்னேரம் குகதாசன் தானே எல்லாவற்றையும் அவர்களுக்குச் சொல்லிவிட்டார்.

"கலியாணம் கட்டினதை ஒளிக்கிற ஆம்பிளையை நான் இப்பதான் பாக்கிறன்," என்றார் யோகராஜா, கட்டில் காலடியில் நின்றுகொண்டு. கண் கலங்கியிருந்ததை மறைக்க அவருக்குக் குரல் கூடிவிட்டது. "சொல்லியிருந்தால் ஒரு பார்ட்டி கேட்டிருக்கமாட்டமோ? சுகமாகி வாரும், சட்ட உதவி நிலையத்துக்கு நான் கூட்டிக்கொண்டு போறன். கலியாணம் கட்டினது குற்றமில்லை. புத்தகம் துலைஞ்சுபோச்சு எண்டு மட்டும் சொல்லிப்போடாதையும்."

"என்ன?" என்றார் குகதாசன். குயினைன் ஏற்றியதில் அவருடைய காதுக்குள் கோயில் மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். யோகராஜா எல்லாவற்றையும் மறுபடி கத்திச் சொல்ல, வார்ட் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

வியாழக்கிழமை ரங்கராஜன் வெம்பிளியிலிருந்து போன் பண்ணினார்.

"சிவமலரா? திருத்தின பிரதி வந்துதும்மா. ஈ பத்தின விளக்கம் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா கடைசியில ஒரு வரி புதுசா இருக்கே. 'நீங்கள் மருத்துவரிடம் சொல்வது குரோய்டனுக்குப் போகாது.' இது மூலத்துல இல்லியே."

"ஓம், இல்லை."

"கென்யா போறவனுக்கு எழுதின நோட்டீஸ். இதுல குரோய்டன் எங்கேருந்து வந்துது?"

அவள் சொன்னாள். பெயர் சொல்லாமல், ஊர் சொல்லாமல், சொக்ஸிலிருந்து தொடங்கிச் சொன்னாள்.

"மொழிபெயர்ப்புல மூலத்துல இல்லாததைச் சேக்கக்கூடாதும்மா. முப்பது வருஷமா அதைத்தான் சொல்லிட்டு வர்றேன்," என்றார் ரங்கராஜன்.

"தெரியும் ஐயா. ஆனா அந்த வரி இல்லாட்டி அதுக்கு முந்தின வரியை ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

"ம்." பேனை கடதாசியில் தட்டும் சத்தம் கேட்டது. "குரோய்டன்னு போட்டா லண்டன்ல இருக்கறவனுக்குத்தான் புரியும். 'குடிவரவு அலுவலகத்துக்குப் போகாது'ன்னு போடறேன். சரியா?"

"கவுன்சிலிலை கேட்டால்?"

"கவுன்சில்ல யாரு தமிழ் படிக்கறா? கேட்டா நான் சொல்லிக்கறேன். தமிழ்ல எல்லாமே கொஞ்சம் நீளம்னு."

ஞாயிற்றுக்கிழமை குகதாசனுக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். சிவமலர் அவருடைய உடுப்புப் பையோடு போனாள். அவர் மெலிந்து, கன்னம் ஒட்டி, யன்னலோரம் உட்கார்ந்திருந்தார். காது கேட்கத் தொடங்கியிருந்தது.

அவளுக்குக் கேட்க நிறைய இருந்தது. கடல் என்ன நிறம், அந்த வீட்டில் எத்தனை யன்னல், குஜராத்தி ஐயர் என்ன மந்திரம் சொன்னார். கடைசியில் வாயில் வந்தது இதுதான்:

"அண்ணை, அந்த ஈயைக் கண்டனீங்களோ?"

"ஈயைக் காணேல்லை." அவர் சிரித்தார். "கலாவதிக்குத்தான் பயம். பக்கத்து வீட்டு மனிசி சொல்லிக் குடுத்தவவாம். கரி போட்ட அயன்பெட்டி ஒண்டு இருக்கு, நாலு குடும்பத்துக்கும் அது ஒண்டுதான். தன்ரை முறை வரும்வரைக்கும் காத்திருந்து என்ரை உடுப்பெல்லாம் இரண்டு பக்கமும் தேய்ப்பா. சொக்ஸையும் விடமாட்டா. நான் அயன் பண்ணாமல் ஒண்டையும் போடமாட்டன் எண்டு சத்தியம் வாங்கித்தான் அனுப்பினவ." பிறகு சொன்னார்: "ஈக்குப் பயந்த அளவுக்கு நுளம்புக்குப் பயந்திருக்கலாம். அவ நுளம்பு வலைக்குள்ளைதான் படுக்கிறவ. நான்தான் வெக்கையெண்டு வெளியிலை படுத்தனான்."

"லண்டனிலை அந்த ஈ இல்லையே."

"இல்லைத்தான்."

அவர் உடுப்புப் பையைத் திறந்து, மேலே இருந்த சொக்ஸைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இரண்டு பக்கமும்தான்," என்றாள் சிவமலர். "அக்கா ஏச ஏசப் பண்ணினனான்."